ஊருக்குக் கோடு போடும் படிப்பு

சென்ற மாதம் தன்லியின் போயிருந்தேன். அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். "அடுத்து என்னம்மா?" என்று கேட்டேன். "நகரமைப்பு படிக்கப் போறேன் மாமா" என்று சட்டென்று சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்த மச்சான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டியா மாப்ளே? டாக்டர் தெரியும், இஞ்சினியர் தெரியும். இது என்ன நகரமைப்பு? மனை புரோக்கர் வேலைக்கு நாலு வருஷம் காலேஜா?"

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். கிள்ளானுக்குத் திரும்பி வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்த ஆரம்பித்தது. மச்சானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் நம் வீடுகளில் இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் கிடைப்பது ஏறக்குறைய இதே பதில்தான். ஆர்க்கிடெக்சர் கிடைக்காத பிள்ளை போகிற இடம் என்று நினைக்கிறோம். இல்லையென்றால் அப்படி ஒரு படிப்பு இருப்பதே நமக்குத் தெரியாது.

அதனால் மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் தினமும் பார்க்கிற ஊரை வைத்தே சொன்னால் அவருக்கும் விளங்கும்.

1993-ல் பகோ ஆற்றின் மேல் தன்லியின் பாலம் திறக்கப்பட்டது. ரயிலும் லாரியும் ஒரே பாலத்தில் போகும். அதற்கு முன் யாங்கூன் போக வேண்டுமென்றால் படகுதான். பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் போடுவது இஞ்சினியரின் வேலை. பாலம் வந்த பிறகு இந்தக் கரையில் நெல் வயலின் விலை என்ன ஆகும், அந்த வயலை யார் வாங்குவார்கள், குத்தகைக்கு உழுதவன் எங்கே போவான், படகுத்துறையை நம்பிக் கடை வைத்தவன் என்ன செய்வான், புதிதாக வருகிற வீடுகளின் சாக்கடை எந்த ஓடையில் விழும், பீலிக்கான் கோயில் தீமிதிக்கு வருகிற கூட்டம் எந்தப் பாதையில் நடக்கும். இதையெல்லாம் முன்கூட்டி யோசித்து, அளந்து, வரைபடத்தில் போட்டு, சட்டப்படி செல்லுபடியாகும் ஒரு திட்டமாக ஆக்குவதுதான் நகரமைப்பு. நாலு வருஷத்தில் நிலப் பயன்பாடு, மக்கள்தொகை, போக்குவரத்து, தண்ணீர், வீட்டுவசதி, நிலச் சட்டம், உள்ளாட்சி வரவுசெலவு எல்லாம் வரும். கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஜிஐஎஸ்ஸும் உண்டு. ஆனால் படிப்பின் உயிர் ஸ்டூடியோ வகுப்பில்தான் இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க ஒரே ஊரை, ஒரே வார்டை எடுத்துக்கொண்டு, வீடுவீடாகக் கேட்டு, அளந்து, கடைசியில் அதற்கு ஒரு திட்டம் போட வேண்டும். நன்றாக வரையத் தெரிந்தால் நல்லதுதான். டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்கத் தெரியாவிட்டால்தான் கஷ்டம்.

தன்லியினில் வளர்கிற பிள்ளைக்கு இதற்கான முதல் பாடம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கடல்சார் பல்கலைக்கழகம், கிழக்கு யாங்கூன் பல்கலைக்கழகம் என மூன்று இங்கே இருக்கின்றன. கிழக்கு யாங்கூன் பல்கலைக்கழகத்துக்கு நகரத்திலிருந்து வருகிற மாணவர்கள் பஸ்ஸிலேயே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து ஏன் வைத்தார்கள்? 1988-லும் 1996-லும் யாங்கூன் நடுவே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1996 டிசம்பரில் மூடிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 2000-ல்தான் திறந்தன. அப்போது இளநிலை வகுப்புகளை நகரத்துக்கு வெளியே பல திசைகளில் சிதறடித்துவிட்டார்கள். மாணவர்கள் ஓரிடத்தில் கூடக்கூடாது என்பதே கணக்கு. ஒரு கட்டடத்தை எங்கே வைப்பது என்ற முடிவு ஒரு தலைமுறையின் வாயையே அடைத்தது. அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, "தெரியும் மாமா, அதனாலதான் இதைப் படிக்கணும்னு தோணுச்சு" என்றாள். எனக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் வரவில்லை.

யாங்கூனே கோட்டில் பிறந்த ஊர்தான். 1852-ல் ஆங்கிலேயர் பிடித்ததும் மருத்துவரான மான்ட்கோமரியும், வங்காளப் பொறியாளர் படையின் லெப்டினன்ட் ஃபிரேசரும் சேர்ந்து சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கக் கட்டம்போல் தெருக்களைப் போட்டார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கும் செலவை மனை விற்றே எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காசு உள்ளவன் நடுவூரில் மனை வாங்கினான், இல்லாதவன் ஓரத்துக்குப் போனான். இன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது அந்தக் கட்டம். ஆனால் கப்பலில் கூட்டம் கூட்டமாக வரப்போகிற கூலிகள் எங்கே படுப்பார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். அவர்களில் பெரும்பகுதி ஒரே அறையில் முறைவைத்துத் தூங்கியவர்கள். 1921-ல் ரங்கூன் அபிவிருத்தி டிரஸ்ட் என்று ஒன்று வந்தது. நெரிசல் அதற்குப் பிறகும் தீரவில்லை. அக்கரையில், அன்றைக்குச் சிரியம் என்று பெயர் வழங்கிய நம் தன்லியினில், பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த நம்மவர்களின் குடியிருப்புகளும் எந்த வரைபடத்திலும் பெருமையோடு குறிக்கப்பட்டவை இல்லை.

பிறகு வந்த ஆட்சிகளும் அதே பென்சிலைத்தான் எடுத்தன. 1958 முதல் 1960 வரை குடிசைவாசிகளை எடுத்துக்கொண்டு போய் தெற்கு ஒக்கலப்பா, வடக்கு ஒக்கலப்பா, தகேட்டா என்று புதுநகரங்கள் உண்டாக்கினார்கள். 1988-க்குப் பிறகு டகோன் புதுநகரங்களும் லைங்தாயாவும். ஒவ்வொரு தடவையும் ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் மேசை மேல் தாளை விரித்து, "இவர்கள் இங்கே" என்று கோடு போட்டிருக்கிறார்.

திலாவாவில் நடந்தது நம் கண் முன்னாலேயே நடந்தது. தன்லியினும் சௌக்தானும் சேர்ந்த நிலத்தில், மொத்தம் சுமார் 2,400 ஹெக்டேரில், சிறப்புப் பொருளாதார மண்டலம். 1990-களிலேயே தொழிற்பேட்டைக்கென்று எடுத்துவிட்டு அப்படியே போட்டுவைத்த நிலம் அதில் ஒரு பகுதி. உழுதவர்கள் தொடர்ந்து உழுதுகொண்டிருந்தார்கள். 2013-ல் முதல் கட்டத்துக்காக 68 குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புது இடத்தில் மனை சின்னது, வயல் இல்லை, கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று சனங்கள் சொன்னார்கள். 2014-ல் அவர்களே டோக்கியோவரை போய், பணம் போட்ட ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் முறையிட்டார்கள். அந்த நிறுவனத்தின் விதிகளின்கீழ் வந்த முதல் முறையீடு அது. 2015 செப்டம்பரில் மண்டலம் திறந்தது. வேலைகளும் வந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரே அங்கே வேலைக்குப் போகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்பே, 2013-ல், ஜைக்கா பெரு யாங்கூனுக்கு 2040 வரைக்கும் ஒரு பெருந்திட்டம் தயாரித்துவிட்டது. தன்லியின் எப்படி வளர வேண்டும் என்பதும் அதில் அடக்கம். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. கோயில் கமிட்டியிலும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கோயில் கூரைக்கு ஓடு மாற்ற ஆறு மாதம் கூட்டம் போடுவோம். ஊரையே மாற்றுகிற தாள் எங்கே கிடைக்கும், அதை யாரிடம் கேட்பது என்பது நமக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவனும் நமக்குள் இல்லை.

இது பர்மாவின் கதை மட்டும்தானே என்று நினைத்தால், நான் இப்போது இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. புத்ராஜெயாவை மலேசியாவின் பெருமைக்குரிய திட்டமிட்ட நகரம் என்று உலகமே வந்து பார்க்கிறது. ஏரி, பாலங்கள், பூங்காக்கள். அது எழுந்தது பேராங் பெசார் முதலான தோட்டங்களின் மேல். தலைமுறை தலைமுறையாக ரப்பர் வெட்டிய தமிழ்க் குடும்பங்களை அங்கிருந்து எடுத்து, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அந்தச் சுவர்கள் விரிசல்விட்டன. தனி வீடு கேட்டு அந்த மக்கள் இருபது வருஷத்துக்கும் மேலாக அலைந்தார்கள். புத்ராஜெயாவின் திட்டத்தில் குறை சொல்ல அதிகம் கிடைக்காது. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அந்தத் திட்டத்திலேயே ஒரு தெரு ஒதுக்கியிருக்கலாம் என்பதுதான் என் ஒரே கேள்வி. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவராவது தோட்ட லயத்தில் பிறந்தவராக இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கனடாவில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த உதாரணங்கள் தூரமாகத் தெரியலாம். ஸ்கார்பரோவில் இருப்பவர்களுக்கு ஆர்டி ரயிலை ஞாபகப்படுத்தினால் போதும். 1985-ல் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று நகரமன்றம் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி முடிவெடுத்தது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு சேவையே முடிந்தது. சுரங்க ரயில் இன்னும் வரவில்லை. குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாக்களில் எத்தனை பேர் நம்மவர்கள் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நகரமைப்பு படித்தவர்கள்தான் இந்தக் கோடுகளையும் போட்டார்கள். நம் பிள்ளை படித்து வெளியே வந்தாலும் சம்பளம் கொடுப்பது அரசாங்கமோ கம்பெனியோதான். நாளைக்கு வேறு யாரோ ஏழையின் வீட்டின் மேல் கோடு போடச் சொன்னால் நம் பிள்ளையும் போடக்கூடும். தமிழன் என்பதால் மட்டும் மனசு வந்துவிடாது. ராணுவம் ஆள்கிற நாட்டில் ஒரு நகரமைப்பாளரால் எதைத் தடுத்துவிட முடியும் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் ஆள் இல்லாமல் இருப்பதைவிட ஆள் இருப்பது மேல். திலாவாக்காரர்களின் முறையீட்டுக்கு உதவியவர்கள் அந்த விதிப் புத்தகத்தைப் படித்திருந்தவர்கள். அதனால்தான் அவர்களின் குரல் டோக்கியோவரை போனது.

வேறு மாதிரியும் கோடு போடலாம் என்பதற்கு நம் தஞ்சாவூரிலேயே பழைய சாட்சி உண்டு. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-ன் கடைசியில் இந்தியா வந்து, சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து 1915-ல் அறிக்கைகள் எழுதினார். அவர் கட்டடக்கலைஞரும் இல்லை, பொறியாளரும் இல்லை. உயிரியல் படித்தவர். தஞ்சைக் கோட்டைக்குள் நெரிசலைத் தீர்க்க வீடுகளை இடித்து நேர்நேராகத் தெரு வெட்டலாம் என்று நகராட்சி எண்ணியிருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். இடிந்து கிடந்த வீடுகளை மட்டும் அகற்றி, அந்த இடத்தைத் திறந்தவெளியாக்கி, இருக்கிற சந்துகளையே கொஞ்சம் அகலப்படுத்தினால் காற்றும் வெளிச்சமும் வரும், குடியிருப்பவர்களும் அங்கேயே இருக்கலாம், செலவும் பல மடங்கு குறையும் என்று காட்டினார். நோயாளி பிழைத்திருக்கும்படி செய்கிற அறுவை சிகிச்சை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் உலகம் முழுக்க நகரமைப்பு வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சரி, எங்கே படிப்பது? மியன்மாரில் கட்டடக்கலை இளநிலைப் படிப்பு தன்லியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே உண்டு. ஆனால் 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஏராளமான ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பை விட்டு வெளியேறிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தில் 18 முதல் 27 வயதுப் பெண்களும் அடங்குவார்கள் என்பது அக்காவின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதோடு 1982 குடியுரிமைச் சட்டம் வேறு. இளஞ்சிவப்பு அட்டையா, நீல அட்டையா, பச்சை அட்டையா என்பது எந்தக் கல்லூரிப் பேச்சுக்கும் முன்னால் வந்து நிற்கும். ஆகவே வெளியேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் பி.பிளான் நாலு வருஷப் படிப்பு. நுழைய ஜேஇஇ மெயின் தேர்வின் 2பி தாள். கணக்கு, பொது அறிவுத்திறன், திட்டமிடல் சார்ந்த கேள்விகள் மூன்றும் வரும். அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே போனபின் பாடம் ஆங்கிலத்தில்தான். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, நாடு திட்டமிடல் இளநிலை சிறப்புப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் புதுச் சாலையும் சந்தையும் கட்டுகிற காலத்தில் அங்கே இன்னும் நிறையத் தமிழ்ப் பிள்ளைகள் போயிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். மலேசியாவில் ஜொகூர் யுடிஎம்மில் படிக்கலாம். இங்கே 1995-ன் நகரமைப்பாளர் சட்டப்படி வாரியத்தில் பதிந்தால்தான் தொழில் நடத்தலாம். கனடாவில் வாட்டர்லூவும் டொராண்டோ மெட்ரோபாலிட்டனும் பெயர் பெற்றவை. எந்த நாடானாலும் ஒன்றை முதலில் கேட்டுவிடுங்கள். இந்தப் பட்டத்தை அந்த நாட்டு நகரமைப்பாளர் அமைப்பு அங்கீகரிக்கிறதா, குடியுரிமை இல்லாதவருக்கு அங்கே வேலை உண்டா? நகரமைப்பாளர் வேலையில் பெரும்பகுதி அரசாங்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி மற்ற படிப்புகளைவிட இதற்கு முக்கியம்.

சம்பளம்? மென்பொருள் வேலையோடு ஒப்பிட்டால் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும். மச்சானிடம் பொய் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஆள் தேவை இருக்கிறது. 2021-ல் இந்தியாவின் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையில் மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவை என்றும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே 3,945தான் என்றும், அவற்றிலும் 42 சதவீதம் காலி என்றும் இருந்தது. ஏறக்குறைய எட்டாயிரம் நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்குப் பெருந்திட்டமே கிடையாது. காலியிடத்தை நிரப்ப அரசுகள் அவசரப்படுகின்றனவா என்பது வேறு கதை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் வார்டை அவளே நடந்து நடந்து வரைந்திருக்கிறாள். மழையில் எந்தச் சந்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, எந்தக் குழாய்க்கிணற்றில் செந்தண்ணீர் வருகிறது, ராத்திரி எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை, சைக்கா வண்டிகள் எங்கே நிற்கின்றன, எல்லாம் கலர் பென்சிலில் இருந்தது. நான் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் முதலில் தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கிணறு இங்கே இல்ல பாப்பா. மூடினதுக்கு அப்புறம் நீ பார்த்திருக்க. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப அந்தப் புளியமரத்துக்கு இந்தாண்ட இருந்துச்சு, பாதி லயமும் அங்கதான் தண்ணி எடுக்கும்" என்று விரலை வைத்துக் காட்டினார். அவள் ரப்பரைத் தேடினாள்.